பட்டறைச் சிலந்தியும் அந்தச் சோடாப் போத்தலும்

வாசகரின் கடிதம்

திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 41. பகலில் அலுவலக வேலை, பொழுதுபட்ட பிறகு வளவுக்குள் தகரக் கூரை போட்ட கொட்டிலில் தச்சு வேலை. பழைய வீடுகளை இடிக்கும்போது கழிக்கிற முதிரைக் கதவுகளையும் யன்னல்களையும் வாங்கி, பழைய பெயின்றைச் சுரண்டித் தேய்த்து மெருகூட்டி விற்கிறார். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. நான்கு வயதில் ஒரு மகள். இவருக்கு மூன்று வருடமாக நீரிழிவு.

மாசிக் கடைசியில் ஒரு நாள் இரவு, புழுக்கம் தாங்காமல் சாரத்தோடு மட்டும் ரியூப் லைற்றுக்குக் கீழே நின்று வேலை செய்திருக்கிறார். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. பார்க்காமலே கையால் அறைந்து தேய்த்துவிட்டார். அன்றிரவு வலி எதுவும் இல்லை. மறுநாள் மாலை கழுத்திலிருந்து தோள்வரை பிரம்பால் அடித்தது போல ஒரு சிவந்த கோடு எழும்பி எரியத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் அது நீர்க்கொப்புளமாகிவிட்டது. முழங்கை மடிப்பின் இரு பக்கமும் ஒரே அளவில் இரண்டு திட்டுகள். இது போதாதென்று சில மாதங்களாகவே இரண்டு கைகளிலும் அரிப்பு. தலைக்கு மேலே சிலந்தி வலை தொங்கியதால், "சிலந்தி கடிச்சிருக்கு, இல்லையெண்டால் மூத்திரம் பெஞ்சிருக்கு" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மாமா ஒருவர் சொன்னபடி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூச, புண் இன்னும் ஆழமானது.

பங்குனியில் பலகை அடுக்கைப் புரட்டியபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி ஓடியிருக்கிறது. அன்றிரவு தொலைபேசியில் தேடிப் பார்த்தவருக்குச் சதை அழுகிய படங்களும், இலங்கையின் வடக்கில் கண்டெடுத்த 'முகத்தளவுச் சிலந்தி' பற்றிய பழைய செய்தியும் கிடைத்திருக்கின்றன. மனைவி பட்டறையை மூடச் சொல்கிறார். திருவானைக்காவில் சிவனுக்கு வலைப்பந்தல் போட்ட உயிரைக் கொல்வது பாவம் என்கிறார் அம்மா. அந்த அம்மாவுக்கே போன வருடம் இடுப்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் போட்டு, சிலந்தி நஞ்சென்று பார்வை பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இன்னும் எரிவு. தம்பலகாமத்தில் வயல் செய்யும் மச்சான் 'நெல்லுக்கு அடிக்கிற மருந்து' கொஞ்சம் ஒரு சோடாப் போத்தலில் ஊற்றித் தந்திருக்கிறார். அதை அடிப்பதா, ஊதுவிளக்கால் வலைகளை எரிப்பதா என்பது கேள்வி. பக்கத்துக் காணி பற்றைக்காடாகிக் கிடக்கிறது, அதற்கு யாரிடம் முறையிடலாம் என்றும் கேட்டிருக்கிறார். வேலை முடியாத நாட்களில் பட்டறைத் தரையிலேயே பாய்போட்டுப் படுத்துவிடுவதாகவும் போகிறபோக்கில் ஒரு வரி.

"டொக்டர், இந்த வேலை எனக்குச் சீவியத்துக்கும் வேணும், மனதுக்கும் வேணும். மூடச் சொல்லாமல் ஒரு வழி சொல்லுங்கோ" என்று முடித்திருக்கிறார்.

பதில்

தம்பி, பட்டறையை மூடத் தேவையில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய இடங்கள் வேறு. சிலந்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சோடாப் போத்தல், பழைய பெயின்றுத் தூசு, தரையில் படுக்கை மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. ஒரு வைத்தியராக நான் பயப்படுவது அந்த மூன்று வரிகளுக்குத்தான். அதனால் நீங்கள் கேட்ட ஒழுங்கில் இல்லாமல், அவசரத்தின் ஒழுங்கில் பதில் சொல்கிறேன்.

அந்தப் போத்தல்

இதை வாசிக்கும்போது அது பட்டறையில்தான் இருக்கிறதென்றால், எழுந்து போய் மகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் குடிக்கிற சாமான்தான். பெரியவர்களும் இருட்டில் தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டு வைத்தியசாலைக்கு வந்திருக்கிறார்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் நரம்பைத் தாக்கும் வகைகள் உண்டு. சில மிடறு போதும், வாயில் நீர் வடிந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். தோல்வழியாகவும் அது உடம்புக்குள் போகும். இலங்கையில் பரகுவாற் என்ற களைகொல்லியும் டைமெதோவேற், பென்தியன் என்ற பூச்சிமருந்துகளும் 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. குளோர்பைரிபோஸ், கார்போபியூரான் போன்றவற்றுக்கு அதன் பின்னர் தடை வந்தது. அத்தனை உயிர்கள் போன பிறகு வந்த தடைகள் அவை. உங்கள் போத்தலில் பெயரில்லை. அதனால் உள்ளே இருப்பது எது, எவ்வளவு செறிவு, தடைசெய்த பழைய சரக்கா என்று உங்களுக்கும் தெரியாது, ஓர் அவசரத்தில் எங்களுக்கும் தெரியாது. பீடைகொல்லிகளைப் பெயர்ச்சீட்டோடு விற்கவேண்டும் என்று 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துவது இதற்காகத்தான்.

"ஒருக்கா அடிச்சுப்போட்டுக் கதவைப் பூட்டிவிட்டால் போதும்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த மருந்து பலகைகளில் ஊறி நிற்கும். அடுத்த வாரம் அதே பலகையை நீங்கள்தான் தேய்க்கப் போகிறீர்கள், தூசோடு சேர்த்து அதையும் இழுக்கப் போகிறீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டில் சூடேற, ஆவி வீட்டுப் பக்கம் வரும். அங்கே கர்ப்பிணி இருக்கிறார். இவ்வளவு பாடுபட்டும் சிலந்திக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது கால் நுனிகளில் உடம்பைத் தூக்கி நடக்கிற உயிர், தரையில் காய்ந்து கிடக்கும் மருந்து அதன் உடம்பில் படுவது மிகக் குறைவு. கரப்பானும் அந்துவும் சாகும், சில கிழமையில் திரும்பி வரும், அவற்றுக்குப் பின்னால் சிலந்தியும் வரும்.

போத்தலைக் கிணற்றடியிலோ கானிலோ ஊற்றவேண்டாம். கடற்கரையை அண்டிய மணல் நிலம் உங்களுடையது, ஊற்றினது கிணற்றுத் தண்ணீருக்கு இறங்கிவிடும். மூடியை இறுக்கி, மேலே 'நஞ்சு' என்று பெரிதாக எழுதி ஒட்டி, ஒரு வாளிக்குள் நிமிர்த்தி வைத்து மச்சானிடமே திருப்பிக் கொடுங்கள். மிச்ச மருந்தை என்ன செய்வதென்று அவர் தன் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். எந்த வீட்டிலாவது பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலவேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுவாருங்கள். நஞ்சு பற்றிய ஆலோசனை தருவதற்கென்றே கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, எங்களைப் போன்றவர்களும் அங்கேதான் கேட்கிறோம்.

ஊதுவிளக்கைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. தின்னர், மரத்தூள், காய்ந்த சீவல், தகரத்துக்குக் கீழே மரச் சட்டம் எல்லாம் இருக்கிற இடத்தில் நெருப்பு வேண்டாம். கடையில் விற்கும் பூச்சிக்கொல்லி ஸ்பிறேயும் தீப்பற்றக்கூடியதுதான். கிறைண்டர் ஓடும் இடத்தில் அதை அடிக்கவேண்டாம்.

கழுத்தில் வந்தது என்ன

நேரில் பார்க்காமல் உறுதி சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரலாறு அவ்வளவு தெளிவு. சிலந்தி கடித்தால் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே சுருக்கென்று தெரியும், ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். உங்களுக்கு வலி ஒரு நாள் கழித்து வந்திருக்கிறது. கை தேய்த்துப் போன வழியிலேயே நீளமாக வந்திருக்கிறது. முழங்கை மடிப்பில் ஒன்றையொன்று தொடும் இரண்டு தோலிலும் சோடியாக வந்திருக்கிறது. இது பீடெரஸ் என்ற சிறு வண்டை நசுக்கியதால் வரும் தோல் எரிவு. ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான, மெலிந்த, செம்மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரும் வண்டு. பார்த்தால் பெரிய எறும்பென்று நினைப்பீர்கள். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நசுங்கினால் மட்டும் அதன் உடம்பிலுள்ள பீடெரின் என்ற நஞ்சு தோலில் பட்டு, 12 முதல் 48 மணித்தியாலத்தில் கொப்புளமாகும். ஈரமான வயல்நிலத்தில் பெருகும் பூச்சி, இரவில் வெள்ளை வெளிச்சத்துக்குப் பறந்து வரும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை நடக்கும்போது இந்தக் கொப்புளத்தோடு வருகிறவர்களை எல்லா வருடமும் பார்க்கிறோம். அவர்களில் அநேகர் சிலந்தியைத்தான் குற்றம் சொல்வார்கள். பாவம், அது மேலே தன்பாட்டில் வலைக்குள் இருந்திருக்கும்.

சிலந்தி மூத்திரத்தால் கொப்புளம் போடும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. சிலந்தியின் கழிவு தோலை எரிக்கும் வகையானது அல்ல.

இனி அப்படி ஏதாவது ஊர்ந்தால் அறையாதீர்கள். ஊதிவிடுங்கள், அல்லது ஒரு கடதாசியில் ஏறவிட்டு உதறுங்கள். தவறி நசுக்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள், உடுப்பையும் துவாயையும் தோய்த்துவிடுங்கள். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். மாமா அன்போடுதான் சொல்லியிருப்பார், ஆனால் எரிந்த தோலின்மேல் சுண்ணாம்பு இன்னொரு எரிகாயத்தை உண்டாக்கும், உங்களுக்கு நடந்ததும் அதுதான். சாதாரணமாக இந்தப் புண் இரண்டு மூன்று கிழமையில் ஆறி, கறுத்த அடையாளம் மட்டும் கொஞ்சக்காலம் நிற்கும். உங்களுக்கு நீரிழிவு இருப்பதால் அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. இன்னும் ஆறவில்லை, சீழ் வைக்கிறது, சுற்றிச் சிவந்து பரவுகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் நாளைக்கே காட்டுங்கள், இரத்தச் சீனியையும் பாருங்கள். பாமசியில் கேட்டு வாங்கும் அன்ரிபயோற்றிக்கில் நாட்களைக் கடத்தவேண்டாம்.

கைகளில் மாதக்கணக்காக இருக்கும் அரிப்பு வேறு கதை. முதிரைத் தூள் சிலருடைய தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது தச்சர்களும் வைத்தியர்களும் நெடுங்காலமாக அறிந்தது. வியர்வையோடு தூள் ஒட்டும் மணிக்கட்டு, கழுத்து, சாரக்கட்டு ஆகிய இடங்களில் கூடுகிறதா, ஒரு கிழமை வேலையை விட்டால் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைகிறதென்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். நீளக்கைச் சேட்டுப் போடுங்கள், வேலை முடிந்த கையோடு குளியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்புகிறேன்.

பழைய பெயின்று

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இதுதான் கனமானது. பழைய கதவு, யன்னல்களில் அடித்திருக்கும் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயத் தூசு, சூடுகாட்டினால் ஈயப் புகை. அது உங்கள் உடுப்பிலும் முடியிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும். நிலத்தில் விளையாடி விரலை வாயில் வைக்கும் பிள்ளைக்கு மிகச் சிறிய அளவு ஈயமும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லும் எல்லை அதற்கு இல்லை. கர்ப்பிணியின் உடலிலிருந்து அது கருவுக்கும் கடக்கும். மனைவி பட்டறையைக் கண்டு பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பயம் சிலந்தியைக் காட்டினாலும், பட்டறையில் பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது என்பதில் அவர் பிழையில்லை.

ஆகவே குழந்தை பிறந்து சில மாதம் செல்லும்வரையாவது பழைய பெயின்றுள்ள சாமான்களை எடுக்கவேண்டாம். பெயின்று இல்லாத மரத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். பிறகும் காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, சுரண்டலை ஈரத்துணியால் கூட்டி அள்ளுங்கள். வேலை உடுப்பைப் பட்டறையிலேயே கழற்றி வைத்து, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளையின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவேண்டாம். மகளை வேலை நடக்கும் நேரத்தில் பட்டறைக்குள் விடாதீர்கள். மனைவி அடுத்த முறை கர்ப்பிணிகள் கிளினிக் போகும்போது இந்தத் தொழில் விவரத்தைக் கட்டாயம் சொல்லட்டும், தேவையென்றால் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க ஒழுங்கு செய்யலாம். உங்களுக்கும் நல்ல முகக்கவசம் வேண்டும், துணியைக் கட்டுவது போதாது. பெயின்று இல்லாத மரத்தூளும் லேசானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. மூக்குக்குழிப் புற்றுநோய்தான் காரணம்.

தரையில் படுக்கை

பலகை அடுக்கும் எலியும் உள்ள கொட்டிலில் இரவில் நிலத்தில் படுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லும் பாம்பு இரவில்தான் திரியும், தரையில் நித்திரை கொள்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்தது தெரியாமல்கூட இருக்கும், அடையாளமும் இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, பிறகு கண்ணிமை தூக்க முடியாமை, பிறகு மூச்சு. கட்டில் போட்டு நுளம்பு வலைக்குள் படுங்கள், அல்லது வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பலகைக்குள்ளிருந்து ஓடியது

நீங்கள் வர்ணித்தபடி, தட்டையான மண்ணிற உடம்பு, மெல்லிய நீண்ட கால்கள், பக்கவாட்டில் மின்னல்வேக ஓட்டம், வலை இல்லை. அது ஹெற்றரோபோடா வெனற்றோரியா. வெப்பநாடுகளின் வீடுகளில் எங்கும் இருக்கும் பெரிய வேட்டைச் சிலந்தி. கரப்பான்தான் அதன் சாப்பாடு. வயிற்றுக்குக் கீழே வெள்ளைப் பொத்தான் மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது முட்டைப் பை. கையால் அமுக்கிப் பிடித்தால் கடிக்கும், கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

கூரைச் சட்டத்தில் நீளக் கால்களோடு தொங்கி, தொட்டால் உடம்பை ஆட்டும் சிலந்தி ஒட்டறையைக் கூட்டும், வேறு கெடுதல் இல்லை. சுவரில் துள்ளித் துள்ளிப் போகும் சின்னச் சிலந்திகளை நான் என் வீட்டில் விட்டுவைக்கிறேன், ஈயும் நுளம்பும் பிடிக்கும்.

தொலைபேசியில் பார்த்த சதையழுகும் படங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் நடு, தென் மாநிலங்களில் வாழும் ஒரு மண்ணிறச் சிலந்தியைப் பற்றியவை. அங்கேயே வேறு தொற்றுகளைச் சிலந்திக் கடியென்று பிழையாகச் சொல்வது அதிகம். வடக்கில் கண்டெடுத்த பெரிய சிலந்தி பற்றிய செய்தி உண்மை. 2013 இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அது பொய்சிலோதீரியா பேரினம், சிங்களத்தில் திவிமகுளுவா என்பார்கள். தடித்த, மயிரடர்ந்த கால்கள், சாம்பலும் கறுப்புமான கோலம். உங்கள் விவரம் அதற்குப் பொருந்தவில்லை. ஆனாலும் மரப்பொந்தில் வாழும் இனம் என்பதால், கோதுள்ள பழைய மரத்தோடு ஒரு நாள் வந்துசேரக்கூடும். அதன் கடி வலிக்கும், வீங்கும், சில மணித்தியாலம் கழித்துத் தசைப்பிடிப்பு வரலாம். அப்படியென்றால் கழுவிவிட்டு வைத்தியசாலைக்கு வாருங்கள், வெட்டுவதும் உறிஞ்சுவதும் கட்டுப்போடுவதும் வேண்டாம். கண்டால் அடிக்கவேண்டாம். ஒரு வாளியால் மூடி, கீழே கெட்டிக் கடதாசியைச் செருகி, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காடு அழிவதாலும் வெளிநாடுகளில் வளர்ப்புக்கு விற்பதாலும் குறைந்துவரும் உயிர் அது. அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கண்காணிக்கும் சைற்றிஸ் உடன்படிக்கை 2019 இல் அந்தப் பேரினம் முழுவதன் வணிகத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

ஒன்றை மட்டும் மதித்து நடங்கள். பட்டாணிக் கடலை அளவில், பளபளக்கும் கறுப்பு உருண்டை வயிறும் அதில் சிவப்பு அடையாளமும் உள்ள சிலந்தி. அந்த விதவைச் சிலந்தி வகை இலங்கையிலும் உண்டு. காண்பது அரிது. அது கடித்துக் கடும் வலி, வியர்வை, வயிற்றுத் தசை இறுக்கம் வந்தால் தாமதிக்கக் கூடாது.

பட்டறையில் என்ன செய்யலாம்

வெளிச்சத்தில் தொடங்குங்கள். வெள்ளை ரியூப் லைற்றுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மேசைக்கு மேலே உள்ளதை மஞ்சள் நிற எல்.ஈ.டி. குமிழாக மாற்றுங்கள், வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இந்த ஒரு மாற்றம் பீடெரஸையும் குறைக்கும், சிலந்தியையும் குறைக்கும். தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளியை நுளம்பு வலையால் அடையுங்கள், காற்று தடைப்படாது.

பலகையைச் சுவரோடு சாய்த்தும் நிலத்தில் போட்டும் வைக்காமல், ஓர் அடி உயரத்தில் இரும்புத் தாங்கி அடித்து, சுவரிலிருந்து ஒரு கை விட்டு அடுக்குங்கள். தடியால் தட்டிப் புரட்டிய பிறகு கை வையுங்கள். மட்டத்தேளுக்கும் தேளுக்கும் இதே மருந்துதான். கையுறையையும் சப்பாத்தையும் உதறாமல் போடக்கூடாது. கிழமைக்கு ஒரு தடவை நீளத் தும்புத்தடியில் ஈரத்துணி சுற்றி ஒட்டறை எடுங்கள், முட்டைப் பைகளையும் சேர்த்து. வலை திரும்பத் திரும்பக் கலைந்தால் சிலந்தி இடம் மாறும். ஐப்பசியில் மழை தொடங்குமுன் ஒரு பெரிய துப்புரவு செய்தால் வாடைக்காலம் முழுக்க நிம்மதி.

இதையெல்லாம் செய்த பிறகும் நாலைந்து சிலந்தி இருக்கும். இருக்கட்டும். ஒரு கிளாசும் கடதாசியும் வைத்துக்கொண்டால் கொல்லாமல் வேலிக்கு வெளியே விடலாம், அம்மாவுக்கும் மனம் நோகாது.

பக்கத்துக் காணி

சிலந்திக்காக அயலவர்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை. ஆனால் அங்கே பழைய ரயர்களும் பெயின்று வாளிகளும் தண்ணீர் தேங்கிக் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அது சட்டத்துக்குள் வரும். நுளம்பு பெருக இடம்கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், காணிச் சொந்தக்காரர்தான் பொறுப்பு. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள். 2017 இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு நம் மாவட்டத்துக்கு மறக்கக்கூடியதல்ல, கர்ப்பிணிக்கு டெங்கு இன்னும் ஆபத்து. ஆனால் முதலில் ஒரு தடவை அயலவரோடு நேரில் கதைத்துப் பாருங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால் காணியைப் பார்ப்பவர் யாரென்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். அதற்கும் முன் உங்கள் பட்டறைக்குப் பின்னாலும் கவிழ்க்காத வாளி இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கும் அம்மாவுக்கும்

மனைவியிடம், சிலந்தி கடித்துக் கருவுக்கு ஏதும் வரும் என்று பயப்படத் தேவையில்லை, நம் வீட்டுச் சிலந்திகளால் அப்படி ஒன்றும் வராது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். "பிடிச்சுக் காட்டிப் பழக்கினால் சரிவரும்" என்ற உங்கள் யோசனையை விட்டுவிடுங்கள். வலிந்து காட்டினால் பயம் கூடும். அவர் வேண்டும்போது, அவர் சொல்லும் தூரத்தில் நின்று பார்க்கட்டும். மகள் உங்கள் இருவர் முகத்தையும் பார்த்துத்தான் எதற்குப் பயப்படுவது என்று பழகுகிறாள்.

அம்மாவுக்கு வந்தது சிலந்தி நஞ்சல்ல. ஒரு பக்கமாக மட்டும், இடுப்பைச் சுற்றிப் பட்டியாக, முதலில் வலி வந்து பிறகு கொப்புளம். இது சின்ன வயதில் வந்த கொப்புளிப்பான் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து மறுபடி எழும்பும் ஹேர்ப்பீஸ் சொஸ்ரர். ஊரில் அக்கி என்றும் சொல்வார்கள். கொப்புளம் கண்ட 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கியிருந்தால் நல்ல பலன் கிடைத்திருக்கும். பார்வை பார்த்ததில் அந்த நாட்கள் போய்விட்டன. அதைச் சொல்லி அவரையோ உங்களையோ நோகடிக்க நான் எழுதவில்லை, அடுத்த தடவை வேறு யாருக்காவது வந்தால் உடனே கூட்டிவருவதற்காகத்தான். இன்னும் இருக்கும் எரிவு கற்பனையல்ல, சேதப்பட்ட நரம்பின் வலி. சாதாரண வலிக்குளிசைக்கு அது அடங்காது, நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன, வயதானவர்களுக்குச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டித் தருவோம். உங்கள் கழுத்தைக் காட்ட வரும் நாளிலேயே அம்மாவையும் கூட்டிவாருங்கள். அவர் குடிக்கும் பிரஷர், சீனி மருந்துத் துண்டுகளையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.